மூன்று மொழி மாணவர், ஒரு வகுப்பறை: இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டிடைக் கல்விப் பாடநெறியை உருவாக்கும் முறை

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில், கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான இடங்கள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. அதனால்தான் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மாத்தறை மாணவியும் மன்னார் மாணவனும் ஒரே ஆய்வுகூட மேசையில் நிற்கிறார்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் ஒலுவிலிலும் இதே நிலைதான். பாடசாலையில் 13 ஆண்டுகள் தனித்தனி மொழியில், பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலையில் படித்தவர்கள் இவர்கள். ஆங்கில மொழிமூல விரிவுரை இவர்களை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுவருகிறது. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் சிற்றுண்டிச்சாலை மேசைகள் மொழிவாரியாகப் பிரிந்துவிடுகின்றன.

பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது என்பதை உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். இரு தரப்பாரும் அந்த இடத்தில் சமநிலையில் இருக்க வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் அதை எட்ட முடியாதபடி வேலை அமைய வேண்டும். நிறுவனம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். 2006இல் பெட்டிகுரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்த நான்கும் இல்லாத இடத்திலும் இரு தரப்பாரின் தொடர்பு, ஒருவர் மீது ஒருவருக்கு இருந்த முற்சாய்வை (முன்கூட்டிய தப்பெண்ணத்தை) ஓரளவு குறைத்திருந்தது. நான்கும் அமைந்த இடத்தில் பலன் கூடுதலாக இருந்தது. பண்பாட்டிடைக் கல்விப் பாடநெறி என்று ஒன்றை வடிவமைப்பதென்றால், இந்த நான்கையும் நேரசூசியிலும் வினாத்தாளிலும் குழுப் பட்டியலிலும் ஏற்றிவைப்பதுதான். பொங்கலையும் வெசாக்கையும் நோன்புப் பெருநாளையும் வரிசையாக விரிவுரை செய்வது அந்த வேலை ஆகாது. இவ்வகைப் பாடநெறிகள் பெரும்பாலும் உள்ளடக்கத்தில் தோற்பதில்லை. மொழி ஏற்பாட்டிலும் புள்ளி வழங்கும் முறையிலும்தான் தோற்கின்றன. கீழே அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

வகுப்பில் யார் இருக்கிறார்கள்

பாடத்திட்டத்தின் முதல் வரியை எழுதுமுன், கடந்த இரண்டு ஆண்டு மாணவர் அணிகளின் விவரத்தைப் பதிவாளர் பிரிவில் கேட்டுப் பெறுங்கள்: உயர்தரம் எழுதிய மொழி, மாவட்டம், விடுதியில் இருப்பவர் எத்தனை பேர். இனம், மதம் ஆகியவற்றைப் பெயரைப் பார்த்து ஊகிக்கக்கூடாது. சிங்கள மொழிமூலம் படித்த முஸ்லிம் மாணவர் உண்டு. கொழும்பில் வளர்ந்து தமிழில் பேசவும் சிங்களத்தில் வாசிக்கவும் பழகிய தமிழ் மாணவர் உண்டு. நுவரெலியா மாணவரின் தமிழ் அனுபவமும் பருத்தித்துறை மாணவரின் தமிழ் அனுபவமும் ஒன்றல்ல.

பாடநெறி தொடங்கியதும் முதல் வாரத்தில் ஒரு பக்க மொழிப் படிவம் கொடுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் தனித்தனியே கேட்டு விளங்குதல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களில் 0 முதல் 4 வரை மாணவர் தாமே குறிக்கட்டும். இனத்தைக் கேட்கும் பெட்டி அதில் வேண்டாம். குழு அமைக்கத் தேவையானது மொழித் தகவலே. மற்றதை மாணவர் விரும்பினால், விரும்பும் நேரத்தில் சொல்வார்.

எந்த ஆண்டில், எத்தனை கிரெடிட்

முதலாம் ஆண்டு முதல் அரையாண்டு இதற்கு உகந்ததல்ல. புதுமுக மாணவர் யாரோடு பேசலாம், எங்கே உட்காரலாம் என்பதை அந்த மாதங்களில் சிரேஷ்ட மாணவரே தீர்மானிக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருந்தும் இந்தப் பிடி முற்றாகத் தளரவில்லை. வகுப்பில் கலந்த குழு, வெளியே வந்ததும் தண்டனைக்குரிய குழுவாகிவிடும். இரண்டாம் ஆண்டு முதல் அரையாண்டே நல்லது.

விருப்பப் பாடமாக வைத்தால் ஏற்கெனவே மற்ற மொழி நண்பர் உள்ளவர்களே வருவார்கள். கட்டாயமாக்கி, சராசரிப் புள்ளியில் சேராத பாடமாக வைத்தால் யாரும் உழைக்கமாட்டார்கள். ஆகவே 2 கிரெடிட், கட்டாயம், சராசரிப் புள்ளியில் சேர்வது என்றே முன்மொழியுங்கள். பீடச் சபையில் எதிர்ப்பு வரும்; ‘எங்கள் பாடத்தின் நேரத்தை எடுக்கிறீர்கள்’ என்பதே அதன் சாரம். ஏற்கெனவே உள்ள தொடர்பாடல் திறன் பாடநெறி ஒன்றை மாற்றியமைப்பதாகக் கொண்டுபோனால் அந்த எதிர்ப்பு பாதியாகும்.

இலங்கைத் தகைமைகள் சட்டகப்படி 1 கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். 2 கிரெடிட்டுக்கு 100 மணிநேரம். 15 வாரம், வாரம் 2 மணிநேரம் என்று 30 மணிநேரம் வகுப்பு. மிகுதி 70ஐ இப்படிப் பகிரலாம்: வாசிப்பு 20, வகுப்புத் தயாரிப்பு 10, குறிப்பேடு 8, வெளிக்கள வேலையும் அறிக்கையும் 20, இறுதிக் கட்டுரை 12. இந்தக் கணக்கை முன்மொழிவிலேயே காட்டுங்கள். காட்டாவிட்டால் உள்ளக தர உறுதிப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பும்.

கற்றல் பெறுபேறுகள்

‘பிற பண்பாடுகளை மதிப்பர்’, ‘நல்லிணக்கத்தின் அவசியத்தை உணர்வர்’ போன்ற வரிகள் முன்மொழிவுகளில் தாராளமாக வரும். இவற்றை எந்த வினாவாலும் அளக்க முடியாது. அளக்க முடியாததை எழுதினால் மாணவர் விரிவுரையாளருக்குப் பிடித்த பதிலை எழுதிப் புள்ளி வாங்குவர். நான்கு போதும்:

1. ஒரு காட்சியையோ சம்பவத்தையோ விவரிப்பது, அதற்குப் பொருள் கொள்வது, அதை மதிப்பிடுவது ஆகிய மூன்றையும் தம் எழுத்திலும் பிறர் எழுத்திலும் பிரித்துக் காட்டுவர்.
2. ஒரே நிகழ்வு பற்றிய இரு தரப்பு மூலங்களை ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் யாரை நோக்கிப் பேசுகிறது என்று விளக்குவர்.
3. தமக்குச் சரளமில்லாத மொழி பேசும் ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலையை முடித்து, எங்கே விளக்கம் பிசகியது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று சான்றோடு எழுதுவர்.
4. ஒரு பொது நிறுவனத்தின் மொழிச் சேவையைக் கணக்கெடுத்து, அரசியலமைப்பின் மொழி ஏற்பாடுகளோடு ஒப்பிட்டு அறிக்கையிடுவர்.

மனப்பாங்கு மாற வேண்டும் என்ற ஆசை விரிவுரையாளருக்கு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் புள்ளி வேலைக்கு மட்டுமே.

மொழி ஏற்பாடு

ஆங்கிலத்தில் நடத்தினால் எல்லோருக்கும் பொது என்று நினைப்பது வழக்கம். உண்மையில் அப்போது நகரப் பாடசாலை மாணவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். சமநிலை என்ற முதல் நிபந்தனை அங்கேயே உடைகிறது. ஆகவே வகுப்பில் மூன்று மொழியும் புழங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த வேலையோடு.

விரிவுரையாளர் இருவர் வேண்டும்: ஒருவர் சிங்களத்தில் இயல்பாகக் கற்பிப்பவர், மற்றவர் தமிழில். இருவரும் ஒவ்வொரு வகுப்பிலும் நிற்க வேண்டும். வாரம் விட்டு வாரம் மாறி வந்தால் மாணவர் பாதிப் பாடநெறியைத் தமதல்லாததாகவே பார்ப்பர். செயற்பாட்டு அறிவுறுத்தல் மூன்று மொழியிலும் திரையில் எழுத்தில் இருக்கட்டும். வாயால் மூன்று முறை சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். எழுத்து வேலை அனைத்தும் மாணவர் விரும்பிய மொழியில். குழுவுக்குள் ஒவ்வொருவரும் தம் மொழியில் பேசலாம். கேட்பவர் விளங்கிக்கொள்ள முயல்வார், தேவைப்பட்டால் ஆங்கிலமும் படமும் கைசாடையும் துணைக்கு வரும்.

இது மெதுவாகத்தான் நகரும். 120 நிமிட வகுப்புக்கு 70 நிமிடப் பொருளே திட்டமிடுங்கள். அதற்குமேல் வைத்தால், அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது மொழிமாற்றம்தான். அதாவது சிறுபான்மை மொழி மாணவரின் பங்கு.

இங்கே அதிகம் கவனிக்கப்படாத ஓர் அநீதி நடக்கிறது. இருமொழியும் தெரிந்த மாணவர், பல இடங்களில் அவர் ஒரு முஸ்லிம் மாணவராக இருப்பார், குழுவின் நிரந்தர மொழிபெயர்ப்பாளராக ஆக்கப்படுகிறார். மற்றவர்கள் கருத்துச் சொல்லிப் புள்ளி வாங்க, அவர் மற்றவர் கருத்தைச் சுமந்தபடியே இருக்கிறார். விதியொன்று வையுங்கள்: ஒருவர் ஒரு வகுப்பில் 20 நிமிடத்துக்கு மேல் மொழிபெயர்க்கக்கூடாது. அதன்பின் குழு தட்டுத்தடுமாறிப் பேசட்டும். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் பாடநெறியே.

அச்சு வேலையில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பழைய தமிழ்க் கோப்புகள் பாமினியிலும் சிங்களக் கோப்புகள் எஃப்.எம். அபயவிலும் தட்டச்சாகியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அவை குப்பை எழுத்துகளாகத் தெரியும், மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் தேடினாலும் கிடைக்காது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பின்பே பதிவேற்றுங்கள். மாற்றியின் வெளியீட்டை அந்த மொழியை வாசிப்பவர் ஒருமுறை வாசிக்க வேண்டும். கொம்பும் ஒற்றும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணம். கூடவே, பாடநெறியில் திரும்பத் திரும்ப வரும் சுமார் 60 சொற்களுக்கு மும்மொழிச் சொற்பட்டியல் ஒன்றும் முதல் வாரமே கையில் இருக்கட்டும்.

குழு அமைத்தல்

மாணவர் தாமாகக் குழு சேர விடாதீர்கள். ஆனால் ‘எல்லாக் குழுவிலும் ஒரு தமிழ் மாணவர்’ என்று தூவியும் வைக்காதீர்கள். தனியொருவராக இருப்பவர் அந்தக் குழுவில் தம் இனத்தின் பேச்சாளராக மாற்றப்படுவார், அல்லது பேசாமலே இருந்துவிடுவார். ஒரு மொழியினர் ஒரு குழுவில் இருந்தால் குறைந்தது இருவர் என்பது விதி.

40 பேர் வகுப்பை எடுத்துக்கொள்வோம். சிங்களம் பேசுவோர் 24, தமிழர் 12, தமிழ் பேசும் முஸ்லிம்கள் 4. ஐந்து பேர் கொண்ட 8 குழுக்கள். ஒவ்வொன்றிலும் சிங்களம் பேசுவோர் 3, தமிழ் பேசுவோர் 2. முஸ்லிம் மாணவர் நால்வரையும் இரண்டு இரண்டாக வைத்தால் யாரும் தனித்து விடப்படமாட்டார்கள். ஆனால் அப்போது தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே குழுவில் சந்திக்கவே மாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அந்த உறவுக்கும் ஆறாத காயங்கள் உண்டு என்பதால் அதை விட்டுவிட முடியாது. எட்டாம் வாரத்தில் குழுக்களை ஒருமுறை கலைத்து, தமிழ் பேசுவோர் இணைகளை மாற்றுங்கள். அதற்குள் ஒருவரையொருவர் ஓரளவு தெரிந்திருப்பதால் யாரும் தனித்து விடப்படக்கூடாது, எல்லோரும் கலக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஆறு வாரத்துக்கு முன் கலைத்தால் நம்பிக்கை வளருமுன்னே அறுந்துபோகும்.

முதல் ஏழு வாரங்கள்

முதல் வாரம் மொழிப் படிவமும் ஓர் எழுத்துப் பயிற்சியும். ஒரு சிறிய சம்பவத்தைக் கொடுங்கள்: விடுதி அறையில் இரவு 11 மணிக்கு ஒருவர் தொலைபேசியில் சத்தமாகத் தன் மொழியில் பேசுகிறார், மற்றவர் எழுந்து வெளியே போகிறார். என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தாளை வாங்கிப் பூட்டிவையுங்கள். இதே பயிற்சி 14ஆம் வாரம் மீண்டும் வரும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள் விவரித்தல், பொருள்கொள்ளுதல், மதிப்பிடுதல் ஆகியவற்றைப் பிரிக்கும் பயிற்சி. ஒரு படத்தைக் காட்டி முதல் ஐந்து நிமிடம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் செய்யுங்கள். ‘பக்தியோடு நிற்கிறார்’ என்பது விவரிப்பு அல்ல என்று மாணவர் தாமே பிடிக்கும்வரை படங்களை மாற்றுங்கள். மூன்று படம் வேண்டியிருக்கும். சலிப்பாகத் தோன்றினாலும் இதைச் சுருக்கக்கூடாது. பின்னால் வரும் கடினமான வாரங்களில் வகுப்பு உடையாமல் நிற்பது இந்தப் பழக்கத்தால்தான்.

நான்காம், ஐந்தாம் வாரங்களுக்கு எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பாடசாலைகளில் தொடங்கிய ஜிக்சோ முறை. ஒரு பாடத்தை ஐந்து துண்டாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. ஒரே துண்டு பெற்றவர்கள் கூடிப் படிப்பர். பின் தம் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் கற்பிப்பர்.

தலைப்பு சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 13 அல்லது 14இல் வரும் சூரியப் பெயர்ச்சியைத் தமிழரும் சிங்களவரும் ஒருசேரக் கொண்டாடுகிறார்கள், வேறு வேறு முறையில். இங்கே செய்ய வேண்டிய திருப்பம் இது: சிங்கள மாணவருக்குத் தமிழ் வீட்டு வழக்கங்களைச் சிங்களத்தில் எழுதிக் கொடுங்கள் (மருத்துநீர், கைவிசேடம், மலையகத் தோட்டத்துப் புத்தாண்டு). தமிழ் பேசும் மாணவருக்குச் சிங்கள வீட்டு வழக்கங்களைத் தமிழில் கொடுங்கள் (வேலை நிறுத்தி இருக்கும் நொனகத நேரம், சுபவேளையில் அடுப்பு மூட்டுதல், கனுதெனு என்ற கொடுக்கல் வாங்கல், தலைக்கு எண்ணெய் வைத்தல்). மேலே சொன்ன 3க்கு 2 என்ற குழு அமைப்பில் சிங்களத்தில் எழுதிய துண்டு மூன்று, தமிழில் எழுதிய துண்டு இரண்டு என்று கணக்கும் பொருந்தும். துண்டு ஒன்றுக்கு எட்டுப் பேர் வருவர். அவர்களை நான்கு நான்காகப் பிரித்துப் படிக்க விடுங்கள், எட்டுப் பேர் சேர்ந்தால் மூவர் சும்மா இருப்பர்.

ஒவ்வொருவரும் மற்றவரின் வழக்கத்தை, அந்த வழக்கத்துக்கு உரியவர் முன்னிலையிலேயே விளக்க வேண்டிவரும். ‘எங்கள் வீட்டில் அப்படிச் செய்வதில்லை’ என்ற குரல் உடனே எழும், அதுவும் இரு பக்கத்திலிருந்தும். காலியும் குருநாகலும் ஒன்றல்ல, மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் ஒன்றல்ல என்று விரிவுரையாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முஸ்லிம், கத்தோலிக்க மாணவரிடம் அந்த இரு நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதும் பேச்சுக்குள் வரட்டும்: கடைகள் பூட்டு, பேருந்து இல்லை, அயலவர் அனுப்பும் பலகாரத் தட்டு. முடிவில் ஐந்து துண்டுகளிலும் இருந்து 10 நிமிட வினாத்தாள், தனித்தனியே. மற்றவர் கற்பித்ததைக் கேட்காதவருக்குப் புள்ளி வராது.

ஆறாம், ஏழாம் வாரங்களுக்குக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டைவிடச் சிறந்த பாடப்பொருள் இல்லை. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களோடு வந்தது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி விஷ்ணுவின் வடிவமான தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது, எஞ்சியது இஸ்லாமிய வணக்கத்தைக் காட்டுகிறது. கல் ஒன்று, காணிக்கைகள் ஏறத்தாழ ஒரே வகை, ஆனால் மூன்று வாசகருக்கு மூன்று தெய்வம். மூன்று பகுதிகளின் மொழிபெயர்ப்பையும் வெட்டித் தனித்தனியே கொடுத்து, இவை ஒரே கல்லில் உள்ளவை என்று சொல்லாமல் தொடங்குங்கள். யார் எழுதினார், யாருக்காக, என்ன எதிர்பார்த்து என்று குழு ஊகிக்கட்டும். அது ஒரு வல்லரசின் இராஜதந்திரம் என்பதையும் மாணவர் பார்க்க வேண்டும். ‘அக்காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்’ என்ற முடிவுக்கு ஓட விடாதீர்கள்.

அந்த ஓட்டம் இப்பாடநெறியின் நிரந்தர ஆபத்து. பண்பாட்டு வேறுபாட்டை ஒருவர் எதிர்கொள்ளும் விதம் வளர்வதை மில்டன் பென்னெட் ஆறு நிலைகளாக வகுத்தார்; அவற்றில் மூன்றாவது, வேறுபாட்டைச் சிறிதாக்கிப் பார்ப்பது. கதிர்காமம், சிவனொளிபாதமலை, கண்ணகியும் பத்தினியும் என்று பொதுமைகளை அடுக்கினால் வகுப்பு மகிழ்ச்சியாக இருக்கும், மதிப்பீட்டுப் படிவமும் நன்றாக வரும். மாணவர் அந்த மூன்றாம் நிலையிலேயே நின்றுவிடுவர். பொதுமைக்கு ஏழு வாரம் போதும்.

எட்டு முதல் பதினொன்று: பலகைக் கணக்கெடுப்பு

பாடநெறியின் முதுகெலும்பு இது. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. சட்டம் இருக்கிறது. பலகையில் என்ன இருக்கிறது என்று மாணவர் சேர்ந்து எண்ணட்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஓரிடம்: பேருந்து நிலையம், ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு, பிரதேச செயலகம், தபாலகம், புகையிரத நிலையம், பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடம். கடைசியானதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஒரு மணிநேரம் போதும். தரவுத் தாளில் ஏழு நிரல்கள்: பலகையின் இடம், எந்த மொழிகள், எது மேலே, எழுத்தின் ஒப்பீட்டு அளவு, எழுத்துப்பிழை, பொருள் ஒத்துப்போகிறதா, நிரந்தரப் பலகையா அல்லது தாளில் ஒட்டிய அறிவித்தலா. கடைசி நிரல் முக்கியமானது. நிரந்தரப் பலகை மும்மொழியில் இருக்கும். ‘இன்று கிளினிக் இல்லை’ என்று தாளில் ஒட்டியது பெரும்பாலும் ஒரு மொழியில்தான் இருக்கும், நோயாளிக்கு அன்று தேவைப்படுவதோ அதுதான். தெற்கில் அந்தத் தாள் சிங்களத்தில், வடக்கில் தமிழில். ஆகவே இரு தரப்பு மாணவருக்கும் விளங்காத பலகையின் முன் நிற்கும் அனுபவம் கிடைக்கும்படி இடங்களைத் தெரிவுசெய்யுங்கள்.

தமிழ்ப் பலகையின் பிழையைச் சிங்கள மாணவர் தனியே கண்டுபிடிக்க முடியாது. சிங்களப் பலகை சொல்வதும் தமிழ்ப் பலகை சொல்வதும் ஒன்றுதானா என்று இருவரும் சேராமல் தீர்மானிக்க முடியாது. வேலையே அவர்களைப் பிணைக்கிறது. ஆனால் கவனிக்காவிட்டால் சிங்கள மாணவர் தட்டச்சும் தலைமையும், தமிழ் மாணவர் மொழிபெயர்ப்பு மட்டும் என்று வேலை பிரிந்துவிடும். தரவு, படம், நேர்காணல், எழுத்து என்ற நான்கு பொறுப்புகளையும் இடையில் ஒருமுறை சுழற்றி, யார் எதைச் செய்தார் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள்.

கட்டடத்துக்குள் நுழையும் அனுமதிக் கடிதங்களை நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். வைத்தியசாலைக்குப் பணிப்பாளர் அல்லது அத்தியட்சகரின் கையொப்பம் இல்லாமல் போகக்கூடாது. படத்தில் ஆள் முகம் வரக்கூடாது. அறிக்கை நான்கு பக்கம், சுருக்கம் மும்மொழியில். நல்ல அறிக்கைகளை உரிய நிறுவனத் தலைவருக்கும் ஆணைக்குழுவுக்கும் பீடாதிபதியின் கடிதத்தோடு அனுப்புங்கள். பலகை ஒன்று திருத்தப்பட்டால் அந்தக் குழுவுக்கு அதைவிடப் பெரிய பெறுபேறு இல்லை.

போரும் நினைவும்

12ஆம், 13ஆம் வாரங்களுக்கு முன் இதைத் தொடாதீர்கள். அதற்குப் பின் தள்ளிப்போடவும் வேண்டாம். பேசாமல் முடியும் பாடநெறியை மாணவர் நம்பமாட்டார்கள்.

தொடங்குவதற்கு மாணவர் வாழ்வுக்கு அருகிலுள்ள ஒரு சம்பவம் நல்லது. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த முறுகல் கைகலப்பாகிக் கற்கைகள் இடைநின்றன. அதைப் பற்றித் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் அந்த வாரம் எழுதியவற்றை அருகருகே வைத்து, முதல் மூன்று வாரப் பயிற்சியை அவற்றின் மேல் நடத்துங்கள். யார் சரி என்று வாக்கெடுக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வரவேற்பின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருந்தது? எந்தக் கூட்டத்தில் இது பேசப்பட்டிருக்க வேண்டும்? நாட்டில் பெரும்பான்மையாகவும் அந்த வளாகத்தில் சிறுபான்மையாகவும் இருப்பது என்றால் என்ன? நாட்டில் சிறுபான்மையாக இருக்கும் ஒரு சமூகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் ஏன் அவ்வளவு பெரிய விடயம்?

சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தவே கூடாது. குடும்பத்தில் யார் இறந்தார் என்று யாரையும் கேட்கக்கூடாது. ‘தமிழர் சார்பில் சொல்லுங்கள்’, ‘முஸ்லிம்கள் என்ன நினைக்கிறீர்கள்’ என்று யாரையும் எழுப்பக்கூடாது. ஒலிப்பதிவும் கைபேசியும் இல்லை. காரணம் சொல்லாமல் வெளியேறலாம், வரவு குறையாது. வெளியேறுபவர் போய் உட்கார ஓர் அறையும், மாணவர் ஆலோசகர் ஒருவரும் அந்த நேரத்தில் இருக்க வேண்டும். குரல்கள் உயர்ந்தால் பேச்சை நிறுத்தி, மூன்று நிமிடம் எல்லோரும் எழுத, பின்பு முன்னே பேசாதவர்களிலிருந்து தொடங்குங்கள். விரிவுரையாளர் இருவரும் ஒருவரோடொருவர் கருத்து வேறுபடுவதை மாணவர் பார்ப்பதில் தவறில்லை. எப்படி வேறுபடுவது என்று அவர்களுக்குக் காட்டும் ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் நவம்பர் 21 முதல் 27 வரையும் இந்த வகுப்பை வைக்க வேண்டாம். பொதுவாகவே வெளிக்கள வேலை போயா நாளிலும், வெள்ளி ஜும்மா நேரத்திலும், ரமழான் பகலிலும் விழாதபடி அரையாண்டுத் திட்டத்தை எழுதுங்கள்.

புள்ளிகள்

பலகைக் கணக்கெடுப்பு 35 (குழுவுக்கு 20, தனியாள் பங்குக்கு 15), ஜிக்சோ வினாத்தாள் 15, நான்கு குறிப்பேட்டுப் பதிவுகள் 20, இறுதி ஒப்பீட்டுக் கட்டுரை 30.

குறிப்பேட்டில் ‘நான் மாறிவிட்டேன்’ என்ற வாக்கியத்துக்குப் புள்ளியில்லை. என்ன பார்த்தார், என்ன பொருள் கொண்டார், வேறென்ன பொருள் சாத்தியம், எதைச் சரிபார்த்தார் என்ற நான்குக்கும் பதிவு ஒன்றுக்கு 5. மாணவர் கடைசிவரை தம் அரசியல் நிலைப்பாட்டில் நின்றாலும் முழுப் புள்ளி பெற முடிய வேண்டும், அது அவர்களுக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். குறிப்பேடுகளை விரிவுரையாளர் இருவர் தவிர வேறு யாரும் வாசிக்கக்கூடாது. பெறுபேறு வெளியானதும் மாணவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கட்டுரையை எழுதிய மொழியிலேயே திருத்த வேண்டும். மொழிபெயர்த்துத் திருத்தினால் மொழிபெயர்ப்பாளரின் நடைக்குத்தான் புள்ளி விழும். இரு மொழித் திருத்துநரும் ஒரே அளவில் இருக்கிறார்களா என்று பார்க்க, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஐந்து கட்டுரைகளை முதலில் இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். நூற்றுக்கு 10 புள்ளிக்கு மேல் இடைவெளி வந்தால் புள்ளித்திட்டத்தின் வாசகத்தைத் திருத்திய பின்பே மிகுதியைத் தொடங்குங்கள்.

முதல் வாரமும் 14ஆம் வாரமும் எழுதிய விடுதிச் சம்பவத் தாள்களுக்குப் புள்ளி வேண்டாம். பெயரையும் தேதியையும் மறைத்துக் கலந்து, பாடநெறியில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு தாளிலும் எத்தனை மாற்று விளக்கங்கள் உள்ளன என்று எண்ணச் சொல்லுங்கள். பாடநெறி வேலை செய்கிறதா என்று மூதவைக்கு (செனட்) காட்ட அதுவே சான்று. திருப்திப் படிவம் அல்ல.

ஒரே மொழி வகுப்பாக இருந்தால்

யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ தமிழ் மொழிமூலக் கலைப்பீட வகுப்பில் சிங்கள மாணவர் எவரும் இல்லாமல் இருக்கலாம்; தெற்கில் இதன் மறுபக்கம். அப்போதும் வேலை உண்டு. வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம், மன்னார்க் கத்தோலிக்கர் என்ற வேறுபாடுகள் ஒரே தமிழுக்குள் இருக்கின்றன, சாதியும் இருக்கிறது. முதல் ஏழு வாரங்களை அவற்றின் மேல் நடத்துங்கள். பலகைக் கணக்கெடுப்பை மட்டும் மற்றொரு பல்கலைக்கழகத்தின் சிங்கள மொழிமூல வகுப்போடு இணைய வழியில், ஐந்து வாரம், 2க்கு 2 என்ற சிறு குழுக்களாகச் செய்யலாம். நேரடிச் சந்திப்பு ஒன்றாவது வேண்டும், அதுவும் தொடக்கத்தில். கடைசியில் வைத்தால் அறிமுகமாகும்போதே விடைபெற வேண்டியிருக்கும். இணைய வேலை கெடுவது பெரும்பாலும் இரு பல்கலைக்கழகங்களின் அரையாண்டுத் தேதிகள் ஒத்துப்போகாததால்தான். வேலைநிறுத்தமோ பரீட்சைப் பின்போடலோ வந்தால் ஒரு பக்கம் ஆளில்லாமல் போகும். ஆகவே ஒவ்வொரு வேலையும் மற்றவர் வராவிட்டாலும் பாதியளவாவது முடிக்கக்கூடியதாக அமையட்டும்.

அங்கீகாரமும் ஆயத்தமும்

துறைக் கூட்டம், பீடத்தின் கலைத்திட்டக் குழு, பீடச் சபை, மூதவை என்று கோப்பு நகரும். புதிய பட்டப்படிப்பாக இல்லாமல் ஒரு பாடநெறியாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் மூதவையோடு முடியும். தொடங்கும் தேதிக்கு 10 மாதம் முன்பே துறைக் கூட்டத்தில் வையுங்கள். காத்திருக்கும் காலத்தில் மும்மொழிக் கையேடு, சொற்பட்டியல், அனுமதிக் கடித மாதிரிகள் தயாராகட்டும். மொழிபெயர்ப்புக்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

செலவில் மூன்றே மூன்று பெரிய தலைப்பு: மொழிபெயர்ப்பு, வாகனம், வெளிக்கள நாளின் சாப்பாடு. சாப்பாட்டில் ஹலால், சைவம், மாட்டிறைச்சி உண்ணாதவர் என்று முன்கூட்டிக் கேட்டு, எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து சாப்பிடக்கூடிய ஏற்பாட்டைத் தேடுங்கள்.

இணைந்து கற்பிக்கும் இருவருக்கும் முழு மணிநேரமும் வேலைச்சுமையில் கணக்கிடப்பட வேண்டும் என்பதை முன்மொழிவில் ஒரு வரியாக எழுதி மூதவையில் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் இரண்டாம் அணியிலேயே ‘ஒருவர் போதுமே’ என்று ஆகிவிடும். விலக்கப்படுபவர் யார் என்பது அந்தப் பீடத்தின் பெரும்பான்மை மொழியைப் பொறுத்தது.